பக்கவாட்டில் வெட்டும் டின் திறப்பான்: பயன்படுத்திப் பார்த்ததில்

காலி டின்களைப் பேனாத் தாங்கியாகவும் செடித் தொட்டியாகவும் மாற்றும் வேலையில் என் விரலைப் பலமுறை பதம் பார்த்தது, சாதாரணத் திறப்பான் விட்டுச்செல்லும் அரம் போன்ற விளிம்புதான். அதனால், மூடியின் உட்புறத்தை வெட்டாமல், மூடியும் உடலும் சேரும் மடிப்பையே பக்கவாட்டில் வெட்டும் திறப்பானை வாங்கினேன். மூடி முழுதாகக் கழன்று வருகிறது. வாயோரத்தில் விரலை மெல்ல ஓட்டினாலும் கீறவில்லை. முதல் இரண்டு டின்களில் சக்கரம் நழுவிப் பாதியிலேயே நின்றது. கருவியை மடிப்போடு மட்டமாகப் படியவைத்த பிறகே சீராக ஓடியது. வாய் நசுங்கிய டின்களில் இன்றும் தடுமாறுகிறது.

விளக்குக் கூண்டுக்காகப் பக்கங்களில் துளையிட இது உதவாது. அதற்கு, டின்னில் நீர் ஊற்றி உறையவைத்து, பனிக்கட்டி உள்ளிருந்து தாங்கிக்கொள்ள, ஆணியை நிறுத்திச் சுத்தியலால் தட்டுகிறேன், தகடு ஒடுங்குவதில்லை. எஃகின் மீது வெள்ளீயம் மெல்லிய பூச்சாகவே இருக்கிறது; எந்தக் கருவியால் வெட்டினாலும் வெட்டுவாயில் எஃகு வெளிப்பட்டுத் துரு ஏறும். செடி வைக்கும் டின்னுக்கு முதலில் பிரைமர் எனும் அடிப்பூச்சைப் பூசுவது அவசியம். கழன்ற மூடியைத் திரும்பப் பொருத்தலாம், ஆனால் காற்றுப் புகாமல் மூடாது. பொத்தான், ஊசி வைக்கும் டப்பாவுக்கு அதுவே போதும்.