ஸ்பிரேயா, ஜெல்லா? கொழும்புக் குசினியில் ஒரு கரப்பொத்தான் கணக்கு

இரவு தண்ணி குடிக்க எழும்பிக் குசினி லைட்டைப் போட்டால், கேஸ் அடுப்புக்குக் கீழே நாலைந்து ஓடி ஒளியும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஓடுவது எது என்று முதலில் பாருங்கள். 4 சென்ரிமீற்றர் வரை வளரும் செம்பழுப்புப் பூச்சி, அமெரிக்கக் கரப்பொத்தான். பெரும்பாலும் கானிலிருந்துதான் ஏறி வரும். குளியலறைத் தண்ணி போகும் ஓட்டைக்கு நெருக்கமான வலை போட்டாலே பாதித் தொல்லை குறையும். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுள்ள சின்னதுதான் தலையிடி. ஜேர்மன் கரப்பொத்தான் என்பார்கள். ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டை இருக்கும். பொரிக்கும் தறுவாய் வரை தாய் அதைச் சுமந்தே திரியும்.

ஸ்பிரே அடித்தால் கண்முன்னே மல்லாக்க விழும். அந்தத் திருப்தியே தனி. ஆனால் சாவது மருந்து பட்டது மட்டுமே. மற்றவை சுவர் வெடிப்புக்குள்ளும் பக்கத்து வீட்டுக்கும் இடம் மாறும். கூட்டுக்குள் இருக்கும் முட்டைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

ஜெல் வேறு விதம், நஞ்சு கலந்த பசை மாதிரியான இரை. அலுமாரிப் பிணைச்சல், பிரிட்ஜ் மோட்டர்ப் பக்கம், சிங்கின் கீழ் மூலை என்று பயறளவு புள்ளிகளாக வைக்க வேண்டும். தின்றது ஒளிவிடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் மற்றவைக்கும் நஞ்சு ஏறும். உடனே ஒன்றும் தெரியாது, பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் இல்லை. நான் ஜெல் வைத்த மறுநாளே அம்மா அதன் மேல் ஸ்பிரே அடித்துவிட்டார். அந்த வாடைக்குப் பிறகு ஒன்றும் ஜெல்லைத் தொடவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் பாவிக்கக் கூடாது. இரவில் எச்சில் கோப்பையைச் சிங்கில் விட்டாலும் இதே கதைதான். மீன்குழம்பு கிடக்க ஜெல்லை எது தின்னும்?

போறிக் பவுடர் மலிவு. பவுடர் பூசிய மாதிரி மெல்லிசாகத் தூவ வேண்டும், குவித்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். கொழும்பு ஈரப்பதத்தில் கட்டிபடும் என்பதால் காய்ந்த இடுக்குகளுக்கு மட்டும் சரி. சின்னப் பிள்ளைகளின் கை எட்டக் கூடாது.

பூச்சிச் சோக்? பள்ளிக்கூடச் சோக் மாதிரியே இருக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சின்னதுகளுக்கு என் தெரிவு ஜெல். ஸ்பிரே பேணியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். பெரியது ஒன்று பறந்து வந்தால் கதிரை போட்டு அந்தப் பேணியை எடுப்பதும் நான்தான்.