ஒற்றைப்பனை: இல்லாத ஊரை வைத்துப் பாடம் நடத்திய ஐந்து ஆண்டுகள்

ஒற்றைப்பனைக்குப் பஸ் ஏறிப் போக முடியாது. வரைபடத்தில் தேடினாலும் அகப்படாது. 12 வீடுகள், 43 பேர், ஒரு அங்கன்வாடி, ஒரு ரேஷன் கடை, தண்ணீர் ஏறாத மேல்நிலைத் தொட்டி ஒன்று. 2020 ஜூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் எழுதிக் கட்டிய ஊர் அது.

தென் மாவட்டம் ஒன்றில் செவிலியர் கல்லூரியில் சமூக நலச் செவிலியம் நடத்துகிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது கிராமக் களப்பணியும் நின்றுபோனது. ஒரு வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்காமல் வீட்டுப் பார்வையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வேறு வழி தெரியாமல் ஒரு குடும்பத்தின் கதையை எழுதி மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு மாதத்துக்குத் தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் தொடங்கினேன்.

யோசனை என்னுடையது அல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிடன்ஸ் என்ற செவிலியக் கல்வியாளர், கற்பனைக் குடியிருப்பு ஒன்றை இணையத்தில் உருவாக்கி, அங்குள்ள குடும்பங்களின் கதையை வளர்த்து வளர்த்துப் பாடம் நடத்தும் முறை பற்றி 2007இல் எழுதியிருக்கிறார். அவரிடம் இணையதளம் இருந்தது. என்னிடம் ஏ4 தாளும் ஜெராக்ஸ் கடைக் கணக்கும் இருந்தன.

நடைமுறை எளிமையானது. திங்கள்கிழமைதோறும் ஒரு தாள். கதை என்று நான் சொன்னாலும் பெரும்பாலும் அது கதையாக இருக்காது. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஒரு பக்கம், ரேஷன் அட்டையின் நகல், பாதி கிழித்த மாத்திரை அட்டையின் படம், பக்கத்து வீட்டுக்காரி பேசிய குரல் பதிவு என்று ஏதாவது ஒன்று வரும். எஞ்சியதை மாணவிகள் ஊகிக்க வேண்டும், அல்லது என்னிடம் கேட்க வேண்டும். கதையில் ஒரு வாரம் என்றால் நாள்காட்டியிலும் ஒரு வாரம்தான். ஜூலையில் கருவுற்றவள் ஏப்ரலில்தான் பிள்ளை பெறுவாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடிவைப் பார்க்க முடியாது. இந்த முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முன்பெல்லாம் வகுப்பில் நாலு வரியில் ஒரு நோயாளியைக் கொடுப்போம். 'வயது 56, பெண், உயர் இரத்த அழுத்தம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.' நோயாளிக்கு என்ன பிரச்சினை, அதற்கு என்ன செய்வது என்று எழுதும் பராமரிப்புத் திட்டத்தை நாங்கள் கேர் பிளான் என்போம். அறுபது மாணவிகளும் அதில் ஒரே பிரச்சினையை எழுதுவார்கள்: அறிவுக் குறைபாடு, அதாவது நோயைப் பற்றி நோயாளிக்குப் போதுமான விவரம் தெரியவில்லை. தீர்வு: சுகாதாரக் கல்வி அளித்தல். எழுதச் சுலபம், மதிப்பெண்ணும் உண்டு. நானும் மாணவியாக இருந்தபோது அதையே எழுதித் தேறியவள்தான்.

ஒற்றைப்பனையில் அந்த 56 வயதுப் பெண்ணுக்குப் பேச்சியம்மாள் என்று பெயர் வைத்தேன். முதல் ஆண்டில் அவர் மாத்திரை சாப்பிடாததற்குக் காரணம் தூரம். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பஸ் நாளுக்கு இரண்டு. கதை நன்றாகவே ஓடியது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும் என்றானது. ஊருக்கு நல்ல செய்தி. என் கதைக்கோ அச்சாணி கழன்றது. விடுமுறை நாளில் உட்கார்ந்து திருத்தினேன். மாத்திரை வீட்டுக்கு வருகிறது, ஆனாலும் பேச்சியம்மாள் சாப்பிடுவதில்லை. ஏன் என்பதை அந்தத் தாளில் வேண்டுமென்றே எழுதவில்லை. உண்மையில் எனக்கே தெரிந்திருக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான் அல்ல, 2023ஆம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண். வழக்கம்போல 'அறிவுக் குறைபாடு' என்று பலகையில் ஏறியிருந்தது. அவள் எழுந்து, "மேடம், மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறார்?" என்று கேட்டாள். பதினொரு மணி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்படியென்றால் பேச்சியம்மாள் வீட்டில் இருக்க மாட்டார். நூறு நாள் வேலையில் இப்போது காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை செயலியில் படம் எடுக்கிறார்கள். நடுவில் வீட்டுக்கு வந்து திரும்புவதற்குள் இரண்டாவது படம் போய்விட்டால் அன்றைய கூலி போச்சு. என் அம்மா அப்படி ஒரு நாள் விட்டிருக்கிறார்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அப்படியானால் மாத்திரையை யாரிடம் கொடுத்தார்கள்? பக்கத்து வீட்டில் என்றேன். பக்கத்து வீட்டில் கொடுத்தால் பேச்சியம்மாளுக்கு என்ன நோய் என்று தெருவுக்கே தெரியுமே, அவர் மகளுக்குத்தான் மாப்பிள்ளை பார்க்கிறார்களே என்றாள் இன்னொருத்தி. அந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை மூன்று வாரங்களுக்கு முன்பு ரேஷன் கடைப் பேச்சில் ஒரு வரியாக நான்தான் எழுதியிருந்தேன், எழுதியதையே மறந்திருந்தேன். அன்று பலகையிலிருந்த இரண்டு சொற்களையும் அழித்தது யார் என்று இப்போது நினைவில்லை. பேச்சியம்மாளுக்கு மாத்திரை வந்து சேர வேண்டிய நேரம் மாலை ஆறு என்று கேர் பிளான் எழுதினார்கள். நேரத்தைத் தீர்வாக எழுதிய கேர் பிளானை நான் அதற்குமுன் திருத்தியதில்லை.

இரண்டு ஆண்டுகள் பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணி மாணவர்களும் சேர்ந்து படித்தார்கள். ஒற்றைப்பனையில் முருகன் என்ற லாரி கிளீனருக்குக் காசநோய். ஆறு மாத மருந்து. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்றதும் அவனும் மருந்தை நிறுத்திவிட்டான். என் மாணவிகள் மாத்திரையை எண்ணினார்கள், புரதச் சத்துள்ள உணவு என்று எழுதினார்கள். சமூகப்பணி மாணவன் ஒருவன் காசை எண்ணினான். நோயாளியின் ஊட்டச்சத்துக்கு அரசு அப்போது வங்கிக் கணக்கில் போட்டது மாதம் 500 ரூபாய். நாளுக்கு 16 ரூபாய் சொச்சம். இரண்டு முட்டை வாங்கினால் ஒரு டீக்குக்கூட மிச்சமில்லை. அந்தப் பணமும் முருகனுக்கு வரவில்லை, காரணம் அவன் கணக்கு நாலு வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது அந்த வாரத் தாளில் ஒட்டியிருந்த பாஸ்புக் நகலிலேயே இருந்தது. அதை எங்கள் பக்கம் ஒருத்தியும் பார்க்கவில்லை. பாஸ்புக்கைப் பார்ப்பது செவிலியரின் வேலையா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை என்னிடமே இருந்தது. மூன்று ஆண்டுகள் அந்த ஊரை ஓட்டிய பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், ஒற்றைப்பனையில் காலனி எந்தப் பக்கம்?" இல்லை. 12 வீட்டையும் ஒரே தெருவில் வரிசையாக நிறுத்தி, யாருக்கும் சாதி வைக்காமல், அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணை சுகாதார நிலையம் ஊரின் எந்த முனையில் இருக்கிறது, செவிலியர் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிக்கிறார், மதிய வெயில் ஏறிய பிறகு மிஞ்சும் வீடுகள் யாருடையவை என்பதெல்லாம் அதற்குப் பிறகே கதைக்குள் வந்தது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நானும் தாளில் மாற்றிவிட்டேன். செவிலியர் நடக்கும் வழியை மாற்றவில்லை.

இன்னொன்று, கதை கதவைச் சாத்தாது. முதல் இரண்டு வகுப்புகளும் ஒற்றைப்பனையின் ஒவ்வொரு வீட்டையும் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு, களப்பணி மீண்டும் தொடங்கியபோது உண்மையான ஊருக்குப் போயின. முதல் வீட்டில் ஒரு பாட்டி, "இப்போது வேலை இருக்கிறது, பிறகு வாருங்கள்" என்று சொன்னதும் என் மாணவி கருவிகள் வைத்த கருப்புப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பையை எங்கே வைப்பது, அடியில் செய்தித்தாளை எப்படி விரிப்பது, கையை எப்போது கழுவுவது எல்லாம் அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதை ஒற்றைப்பனை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதிலிருந்து சில திங்கள்கிழமைகளில் தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'வீடு பூட்டியிருந்தது.' மாணவிகளுக்குக் கடும் எரிச்சல். இந்த ஐந்து ஆண்டுகளில் நான் எழுதியதிலேயே உருப்படியான வரி அது என்று நினைக்கிறேன்.

ஒரு முறை கை சுட்டுக்கொண்டேன். கோடை வாரம் ஒன்றில் ஏழாம் வீட்டுத் தாத்தாவைச் சாகடித்தேன். சிறுநீரகக் கோளாறு, பல வாரங்களாக அதற்கான தடயங்களை விதைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. தாளைப் படித்த ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் அப்பா அதே நோயில், அதே மாதிரித் தாமதத்தில், போன வருடம் போனவர். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை. இப்போது மரணம் வரும் வாரத்துக்கு முந்தைய வாரமே சொல்லிவிடுகிறேன். வேண்டாதவர்களுக்கு அன்று வேறு வீட்டின் தாள். கதையின் விறுவிறுப்பு குறையும். குறைந்துவிட்டுப் போகட்டும்.

பராமரிப்பு வேலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆண்டு முழுக்க ஓடிய கதையை, புதிய பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறை வந்ததும் அதற்கேற்ப வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. காசநோயாளிக்கான 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. நான் திருத்த மறந்துபோய், முருகனுக்கு யாரோ பாதியைத் தின்கிறார்கள் என்று ஒரு குழு துப்பறிந்து நான்கு பக்க அறிக்கை கொடுத்தது! முதல் ஆண்டில் வாரம் ஆறு மணி நேரம் எழுதினேன். இப்போது ஒன்றரை மணி நேரம் போதும். பல்கலைக்கழகத் தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை; அங்கே இன்னமும் 'குடும்ப நலம் – வரையறு' என்றுதான் கேட்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் சிலர் தாளைப் படம் பிடித்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துக் கேர் பிளான் வாங்கி வருகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. வடிவம் பிசகாத அழகான தமிழில் முதல் வரியிலேயே நிற்கும், அறிவுக் குறைபாடு.

சென்ற மாதம் மலை மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை தாள்களைக் கேட்டார். அனுப்பினேன். ஊரைத் தயவுசெய்து அப்படியே நடத்தாதீர்கள் என்றும் எழுதினேன்; சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கே வேறு. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அவருடைய பேச்சியம்மாள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாராம். நூறு நாள் வேலை இல்லை, செயலி இல்லை. "ஆனால் எங்கள் ஊரில் கொழுந்து எடை போடுகிற நேரமும் செவிலியர் வருகிற நேரமும் ஒன்றுதான். மாணவிகளுக்கு இன்னும் சொல்லவில்லை, இது மூன்றாவது வாரம்" என்று எழுதியிருந்தார்.

எடை போடும் இடத்திலிருந்து செவிலியர் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.