"நம்பர் பேட் இருக்கு, ஃபங்ஷன் கீ இருக்கு" என்று சொல்லி என்னிடம் விற்ற லேப்டாப்

லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? அதிலும் கணக்கு எழுதுகிறவர், டைப் அடித்துச் சம்பாதிக்கிறவர் என்றால் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 68,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விஷயம் இது. புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை, அதனால் கடை பெயரும் கம்பெனி பெயரும் எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதே மாதிரி எந்தக் கடையிலும் செய்யலாம், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு வேண்டியது.

வில்லிவாக்கத்தில் வீட்டிலிருந்தே ஐந்து கடைகளுக்கு டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு போடுகிறேன். மளிகை, ஹார்ட்வேர், ஒரு மருந்துக் கடை. மாதா மாதம் பில்களை ஏற்றி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு வேண்டியதைச் சரிபார்த்து ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பழைய லேப்டாப் ஒன்பது வருஷம் உழைத்துவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் மதர்போர்டு போய் நின்றது. வருஷ முடிவுக் கணக்கு நேரம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறையும் என்று சொன்னார்கள், ஆனால் பெரிய கடை என்றால் பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தாலும் போய்ப் பேசலாம் என்று நம்பி அண்ணா சாலைப் பக்கம் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே ஒரு 15.6 இன்ச் மாடல் பிடித்தது. வலது பக்கம் எண்களுக்கென்றே தனி நம்பர் பேட், மேலே எஃப் 1, எஃப் 2 என்று வரிசையாக வருகிற ஃபங்ஷன் கீ எல்லாம் தனித்தனிப் பட்டனாக, நின்றபடியே பத்து நிமிஷம் டைப் அடித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் அந்தத் தம்பி பேச்சை மாற்றினார்.

"மேடம், இது டிஸ்ப்ளே பீஸ் மட்டும்தான், ஸ்டாக் இல்லை. இதே சீரிஸ்ல புதுசா 14 இன்ச் வந்திருக்கு. விலை கொஞ்சம் கூட, உங்களுக்கு இதே ரேட்டுக்குப் போட்டுத் தரேன்."

"தம்பி, அதுல நம்பர் பேட் இருக்கா, ஃபங்ஷன் கீ இருக்கா? எனக்கு டேலி வேலை. அது ரெண்டும் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது."

"எல்லாம் இருக்கு மேடம்."

இந்த "இருக்கு"தான் என்னைக் கவிழ்த்தது. பிரித்துக் காட்டுங்கள் என்றேன். சீல் உடைத்தால் பில் போட்டே ஆகவேண்டும், கம்பெனி ரூல் அப்படி என்றார். 14 இன்ச் மெஷினில் தனி நம்பர் பேடுக்குப் பெரும்பாலும் இடமே இருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. பணம் கட்டினேன். பில் வந்த பிறகு பெட்டியைத் திறந்தார்கள்.

மேல் வரிசையில் ஒரு பட்டன்கூட இல்லை. வழவழவென்று ஒரு கறுப்புப் பட்டை, அதில் வெளிச்சத்தில் சத்தம், வெளிச்சம் குறைப்பதற்கான படங்கள். எஃப் என் கீயைப் பிடித்தால் அதே இடத்தில் எஃப் 1, எஃப் 2 என்று எழுத்து மாறுகிறது. நம்பர் பேட் எங்கே என்று கேட்டேன். டச்பேடின் மூலையில் விரலை வைத்தார், டச்பேட் மேலேயே 1 முதல் 9 வரை கட்டம் கட்டமாக எரிந்தது. "இதோ இருக்கே மேடம்" என்றார். நான் கேட்டது இது இல்லை, வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே நின்று சொன்னேன். பில் போட்டாச்சு, பெட்டி பிரிச்சாச்சு, குறை இருந்தால்தான் மாற்றுவோம், இதில் குறை இல்லை, பழகினால் சரியாகிவிடும் என்று மேனேஜர் வரை ஒரே பதில்.

பழகவில்லை. ஏன் பழகாது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஏதோ வயசானவர்களின் பிடிவாதம் என்று என் பெண்ணே முதலில் நினைத்தாள்.

பன்னிரண்டாவது முடித்த லீவில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள் நான். "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே" என்று மாதக்கணக்கில் அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கண் புத்தகத்தில் இருக்க வேண்டும், கீயைப் பார்த்தால் மிஸ் திட்டுவார். கணக்கு வேலையும் அதேதான். கண் பில்லில் இருக்கும், கை தானாகப் போகும். எஃப், ஜே இரண்டு கீயிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதே, நம்பர் பேடில் 5-ன் மேல் ஒரு மேடு இருக்கிறதே, எதற்கு? விரல் அதைத் தடவித்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நல்ல கீபோர்டில் எஃப் 4-க்கும் எஃப் 5-க்கும் நடுவே, எஃப் 8-க்கும் எஃப் 9-க்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள், அதுவும் அதற்குத்தான். டேலியில் எஃப் 4 கான்ட்ரா, எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தடவை இந்த வரிசைக்குக் கை போகும். வழவழப்பான கண்ணாடியில் எட்டு எங்கே முடிகிறது, ஒன்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பட்டையைப் பார்க்க வேண்டும், பிறகு பில்லில் விட்ட வரியைத் தேட வேண்டும்.

இன்னொன்று, பட்டன் என்றால் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டே யோசிக்கலாம், அழுத்தினால்தான் வேலை செய்யும். டச்சில் வைத்தாலே வேலை செய்துவிடும். எண் வரிசையில் தேதி அடிக்கும்போது விரல் நுனி லேசாக மேலே பட்டால்கூடப் போதும், திரையில் வேறு ஏதோ திறந்து நிற்கும்.

நம்பர் பேடைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் மாத சேல்ஸ் பில்களை மே முதல் வாரத்தில் அண்ணாச்சி கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். மொத்தம் டேலி ஆகவில்லை, 6,600 ரூபாய் இடிக்கிறது. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்ததில் கடைசியில் கிடைத்தது, 7,335 என்று இருக்கவேண்டிய இடத்தில் 735. ஒரே எண்ணை இரண்டு முறை வேகமாகத் தட்டினால் சில நேரம் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. பட்டன் என்றால் இரண்டு தடவை உள்ளே போய் வந்தது கைக்குத் தெரிந்திருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர் 1 மாதாமாதம் 11-ம் தேதிக்குள், 3பி 20-ம் தேதிக்குள் போகவேண்டும், தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், பதினாறு வருஷமாக என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்திருக்கிற அண்ணாச்சி "என்னம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அது எனக்கு அபராதத்தைவிட வலித்தது.

அப்புறம் கத்திரி வெயில் வந்தது. ஷோரூமில் ஏசி குளிரில் ஒழுங்காக வேலை செய்த பட்டை, எங்கள் வீட்டு ஃபேன் காற்றில், வேர்த்த விரலில், தொடாத இடத்தில் தொட்டதாகக் காட்டியது, தொட்ட இடத்தில் சும்மா இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட் மாடியில் போர்டு ரிப்பேர் செய்கிற ஒரு தம்பியிடம் காட்டினேன். அவர் ஒரு பைசா வாங்காமல் பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரி டச் பட்டைக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது, விரல் கிட்டே வந்தால் அது கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் சிப் அளந்து "தொட்டார்கள்" என்று முடிவு செய்கிறது. வேர்வை உப்புத் தண்ணீர், மின்சாரம் கடத்தும். பட்டையில் அது படர்ந்தால் விரல் எங்கே, ஈரம் எங்கே என்று சிப் குழம்பும். கூடவே எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொண்டே வேலை செய்தால் இன்னும் மோசமாகும் என்றார். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றிச் செருகுகிற வீடுகளில் லேப்டாப் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும், கவனித்திருப்பீர்கள், அதே விஷயம்தான். நம் ஊர் வெயிலுக்கும் பழைய வீட்டு வயரிங்குக்கும் இது ஒத்துவருமா என்று விற்பவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

இது எனக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை என்று தேடிப் படித்தபோது தெரிந்தது. லெனோவோ 2014-ல் எக்ஸ்1 கார்பனில் ஃபங்ஷன் வரிசையை எடுத்துவிட்டு டச் பட்டை வைத்தது, அடுத்த வருஷ மாடலிலேயே பட்டனைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2016-ல் மேக்புக் ப்ரோவில் டச் பார் வைத்தது, எஸ்கேப் கீகூட அதற்குள்ளே போய்விட்டது. 2019-ல் 16 இன்ச் மாடலில் எஸ்கேப்பை மட்டும் பட்டனாகத் திருப்பிக் கொடுத்தார்கள், 2021-ல் வந்த 14, 16 இன்ச் மாடல்களில் டச் பாரையே எடுத்துவிட்டு முழு அளவு ஃபங்ஷன் கீ வைத்தார்கள். டச் பார் வைத்த கடைசி 13 இன்ச் மாடலும் 2023-ல் நின்றுபோனது. அவ்வளவு பெரிய கம்பெனிகளே வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிய விஷயத்தைத்தான் எனக்கு "லேட்டஸ்ட் டெக்னாலஜி மேடம்" என்று விற்றார்கள். படம் எடிட் செய்கிறவர்களுக்கு, அந்தந்த வேலைக்கு ஏற்ப மாறுகிற பட்டை உதவியாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு என்ன வேலை என்று முதலிலேயே வாய்விட்டுச் சொன்னேனே, அதுதான் என் ஆத்திரம்.

ஆகஸ்டில் பட்டையின் வலது பாதி சுத்தமாக அணைந்துவிட்டது. எஃப் 7-லிருந்து ஒன்றும் இல்லை. வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டு "உள்ளே ஈரம் போயிருக்கு, வாரண்டி வராது" என்றார்கள். அந்தப் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்காதாம், கீபோர்டு, டச்பேட், மேல் மூடி எல்லாம் ஒரே பாகமாம், மொத்தமாக மாற்ற 21,400 ரூபாய். பழைய லேப்டாப்பில் ஒரு தடவை கீபோர்டு போனபோது 1,400 ரூபாயில் முடிந்தது. எந்த இடத்தில் ஈரம் என்று போட்டோ காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. என் கண் முன்னால் பிரியுங்கள் என்றேன், வாடிக்கையாளரை உள்ளே விடுவதில்லை என்றார்கள். சொல்வதை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஒரு மணி நேரம் நகராமல் உட்கார்ந்த பிறகு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இப்போது என் புகாரில் முக்கியமான ஆதாரம்.

புகார் விஷயத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 1915-க்கு போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. பதிவு செய்துகொண்டார்கள், கடையிலிருந்து "பொருளில் குறை இல்லை" என்று மட்டும் பதில் வந்தது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை, பிரச்சினை தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். பொருளில் குறை இருந்தால்தான் கேட்கலாம் என்று கடையில் சொன்னது தவறு. ஒரு மாடலை வேறு மாதிரி இருப்பதாகப் பொய் சொல்லி விற்பதும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறைதான். ஆனால் அவர் பொய் சொன்னார் என்று நான் காட்டவேண்டுமே. அங்கேதான் சிரமப்படுகிறேன், எல்லாம் வாய்ப் பேச்சு. நல்லவேளை, கடைக்குப் போவதற்கு முந்தின நாள் அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு "தனி நம்பர் பேட், ஃபங்ஷன் கீ உள்ள மாடல் வேண்டும், டேலி வேலைக்கு" என்று அனுப்பியிருந்தேன், "இருக்கு மேடம், வாங்க" என்று பதிலும் இருக்கிறது. அது ஒன்று இல்லாவிட்டால் என் கையில் பில்லைத் தவிர எதுவும் இருந்திருக்காது.

அதனால் கேட்கிற எதையும் எழுத்தில் கேளுங்கள். "இருக்கா" என்று கேட்காமல் "அழுத்துகிற பட்டனா, தொடுகிற பட்டையா" என்று கேளுங்கள். டிஸ்ப்ளேயில் நீங்கள் அடித்துப் பார்த்த பீஸின் அடியில் இருக்கிற மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து, பெட்டி மேல் ஒட்டியிருக்கிற எண்ணோடு கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். சீரிஸ் பெயர் ஒன்றாக இருக்கும், பின்னால் வருகிற இரண்டு மூன்று எழுத்தில்தான் எல்லாம் மாறுகிறது. பெட்டி பிரிக்காமல் பில் போடமாட்டேன் என்று அவர்கள் சொன்னால் நல்லது, பில் போடாமல் பிரிக்கமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டச் பட்டை உள்ளதுதான் வேண்டும் என்றாலும் விரலைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு அந்த ஈரக் கையோடு பத்து நிமிஷம் அடித்துப் பாருங்கள். பட்டை போனால் எதை மாற்றவேண்டும், எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து முன்னாடியே கேளுங்கள்.

இப்போது 750 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கி லேப்டாப் முன்னால் வைத்து வேலை செய்கிறேன். போன மாதம் ஷோரூமிலிருந்து போன் வந்தது, புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வேறு லேப்டாப் வாங்கும்போது 10,000 ரூபாய் கழித்துத் தருகிறார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மாடல் எண்ணைப் போட்டோ எடுக்கப் போன வாரம் அந்த ஷோரூமுக்குப் போனேன். அதே மேஜையில் அதே 15.6 இன்ச் பீஸ் இருக்கிறது, யாரோ ஒருவர் நின்றபடி டைப் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாக் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.