விலாசம் தராத புத்தகக் கடை

மட்டக்களப்பில், திருமலை வீதியிலிருந்து உள்ளே கிறுகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது இந்தப் பழைய புத்தகக் கடை. ஆறு வருடமாகப் போய்வருகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில்தான் நிற்கவேண்டும். மாரி வெள்ளத்துக்குப் பயந்து கீழ்த்தட்டைக் கல்லில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியும் சில புத்தகங்களில் ஈர மணம். விலை கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும், நியாயமான விலைதான்.

இங்கேதான் புனைபெயரில் வந்த ஒரு சிறுகதைத் தொகுதியை வாங்கினேன். படம் இல்லை, முன்னுரை இல்லை, விலாசம் இல்லை. 'பிறகு' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'மறுகா' என்ற சொல் விழுந்திருந்த இடங்களைப் பார்த்ததுமே எங்கட ஊர் ஆள்தான் என்று தெரிந்துவிட்டது. இரண்டு இரவில் வாசித்து முடித்து, மூன்றாம் நாள் கடைக்கு ஓடினேன்.

"ஆர் ஐயா இது?"

"அத மட்டும் கேளாதீங்க மகள். சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருக்கன்."

"ஆணா பொண்ணா எண்டாவது?"

"அதுவுந்தான்."

மேசைக்குக் கீழிருந்து பழைய பிஸ்கட் பேணி ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே மடித்த கடிதங்கள். "எழுதித் தாங்க, போய்ச் சேரும்." எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை, நான்கே வரி. மூன்றாவது கதையின் முடிவைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் விளக்கம். கையெழுத்துக்கூட வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

போதும் என்பதை நான் பிந்தித்தான் படித்தேன். நான் இலக்கியம் படிப்பிக்கிறவள். பல வருடத்துக்கு முன் ஒரு மலரில் வேறொரு மூத்த எழுத்தாளரின் வீட்டு விலாசத்தை அவரைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மாணவிகளையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். வாசலுக்கு வந்தவர் சாரத்தைச் சரிசெய்தபடி, "உள்ள ஆளுக்குச் சுகமில்ல புள்ள" என்றார். எங்களை இருக்கச் சொல்லக் கதிரை தேடிய அவருடைய கண்களை இன்னும் மறக்க முடியவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் 1953-இல் கோர்னிஷ் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். 1965-க்குப் பிறகு எதையும் வெளியிடவில்லை. 2010-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். தேடி வந்தவர்களுக்கு அந்த ஊர்ச்சனம் வீட்டைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிழையான வழி சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. இத்தாலியில் எலேனா ஃபெரான்டே என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று 2016-இல் ஒரு பத்திரிகையாளர் பணக் கொடுப்பனவுகளையும் சொத்துப் பதிவுகளையும் துருவி எழுதினார். அந்த எழுத்தாளர் களவா செய்தார், கணக்கைக் கிண்டுவதற்கு? எங்கள் பக்கத்தில் போர்க்காலத்தில் புனைபெயரை நம்பித்தான் பலர் எழுதினார்கள். போர் முடிந்தாலும், அந்த மறைவை விட்டு வெளியே வரச் சிலருக்கு மனமில்லை. வரச்சொல்லிக் கேட்க நாம் யார்?

கடைக்காரரின் கணக்குக் கொப்பியை ஒருநாள் தற்செயலாகக் கண்டேன். விற்ற பிரதிக்கான காசு எழுதும் இடத்திலும் புனைபெயர்தான் இருந்தது. என் கண் போனதைக் கண்டதும் கொப்பியை மூடி லாச்சிக்குள் வைத்தார். அந்தத் தொகுதி கொஞ்சம் இன்னும் இருக்கிறது, வாங்குங்கள்.

கார்ட் எடுக்கமாட்டார்கள், காசு கொண்டுபோங்கள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்றுவரை பூட்டு. எழுத்தாளருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது, கடையில் இருந்து எழுத இடமில்லை. பேணிக்குள் இருக்கும் மற்றவர்களின் கடிதங்களைப் போனில் படம் எடுக்கவேண்டாம்.