நாலு வருசமா வச்சிருக்கிற டாக் பெட்டி: மெனுவில 20, கோடு நிக்கிறது 10இல

போன கிழமை கம்பஸில படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்டவன், "அண்ண, உங்களிட்ட இருக்கிற அந்த யூஎஸ்பி டாக் பெட்டி இப்ப விலை குறைஞ்சு கிடக்கு, புரொஜெக்ட்டுக்கு எடுக்கட்டோ" எண்டு. டாக் (DAQ) எண்டா வோல்ற்றை அளந்து லப்டொப்புக்கு அனுப்பிற பெட்டி. வட்சப்பில ரெண்டு வரியில சொல்லுவமெண்டு தொடங்கினன், எழுத எழுதக் கோவம் வந்திட்டு. அதான் நீட்டா இஞ்ச போடுறன். கொம்பனிப் பேர் வேணாம். 14 பிட், உள்ளங்கை அளவு, ரெண்டு பக்கமும் ஸ்குரூ டெர்மினல், வச்சிருக்கிறவனுக்கு விளங்கும்.

முதல் நல்லதைச் சொல்லிடுறன். என்ர வேக்ஷொப் உப்புவெளியில, கடல் காத்து நேரா அடிக்கும். ரிலே, சுவிட்ச் எல்லாம் வருசத்துக்க பூத்துப் போற இடம். இந்தப் பெட்டி நாலு வருசமா ஒருநாள்கூட மக்கர் பண்ணேல்ல. ஸ்குரூ தலை பச்சை பிடிச்சா பழைய பல்லுத் துலக்கிற பிரஷால தேய்ச்சு விடுவன், அவ்வளவுதான். ஒண்டும் கொழுவாம விட்டா 1.4 வோல்ற் காட்டும், அது அதின்ர பிறவிக்குணம், நான் புதுசில அதைப் பழுதெண்டு திருப்பிக் குடுக்கப் போனனான் எண்டது வேற கதை.

இப்ப கோவத்துக்கு வாறன். சொஃப்ட்வெயாரில டிஃபரென்ஷியல் (ரெண்டு காலுக்கும் இடையில உள்ள வித்தியாசத்தை அளக்கிற முறை) எண்டு போட்டா ரேஞ்ச் ±20 வோல்ற் எண்டு வரும். 12 வோல்ற் பற்றரி பாக்கிறவனுக்கு 20 தாராளம்தானே? கொழுவினா கிராஃபில 10க்குக் கொஞ்சம் மேல ஒரு கோடு, அடிமட்டம் வச்சுக் கீறின மாதிரி. மல்ரிமீற்றர் 12.6 எண்டுது. வயர் மாத்தி, சானல் மாத்தி, டிரைவரை அழிச்சுத் திரும்பப் போட்டு ரெண்டு நாள் போச்சு. பிறகுதான் மனுவலைப் பொறுமையா வாசிச்சன்: பிளஸ் காலுக்கும் மைனஸ் காலுக்கும் இடையில 20 வரலாமாம், ஆனா ரெண்டு காலும் தனித்தனியா கிரவுண்டில இருந்து 10க்குள்ள நிக்கவேணுமாம். அப்ப என்னை மாதிரி பற்றரி மைனஸைப் பெட்டியின்ர கிரவுண்டில கட்டினவனுக்கு அந்த 20 எதுக்கு? மெனுவிலயே ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சிடும்?

சரியெண்டு ரெண்டு 10கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் எடுத்து, பிளஸ்ஸில இருந்து ஒண்டு, மைனஸில இருந்து ஒண்டு, ரெண்டையும் பெட்டியின்ர கிரவுண்டுக்குக் குடுத்தன். பற்றரி நடுவில தொங்கும், ஒரு கால் +6.3, மற்றது -6.3, பெட்டி 12.6 எண்டு கச்சிதமாச் சொல்லிச்சு. மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினன், அவ அடுப்பில குழம்பு எண்டு போயிட்டா.

பிறகு கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில ஒரு மல்ரிடே போட் (நாள்க்கணக்கா கடலில நிண்டு மீன் பிடிக்கிறது), பற்றரியில சார்ஜ் நிக்குதில்லையெண்டு போட் சொந்தக்காரச் சம்மாட்டி கூப்பிட்டவர். அதே ரெசிஸ்டர், அதே வயர், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா திரும்பவும் 10இல கோடு! எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாக்கிறம், இலக்கம் அசையேல்ல. அல்டனேற்றரில (எஞ்சினில ஓடிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுறது) இருந்து வாற வோல்ற் அப்பிடி நிக்காது, கடைசி இலக்கமாவது துள்ளும். எல்லாச் சாம்பிளும் ஒரே இலக்கமெண்டா பெட்டி உச்சியில முட்டிக்கொண்டு நிக்குது, அது அளவேயில்ல. இது இப்ப வாயில வருது, அப்ப நான் சார்ஜ் வோல்ற்றைக் கட்டுப்படுத்திற றெகுலேற்றர் பிழையெண்டு சொல்லிப்போட்டன், பொடியன் ஸ்பானர் எடுக்கப் போயிட்டான். லப்டொப்பில சார்ஜ் குறைஞ்சதால போட் பற்றரியிலயே கார் சார்ஜரைக் கொழுவியிருந்தனான், திரும்பேக்க அந்த வயர் காலில தட்டுப்பட்டுக் கழண்டுது. கோடு டக்கெண்டு 14.2க்குப் பாஞ்சுது. கொழுவினன், 10. கழட்டினன், 14.2.

அந்தச் சார்ஜருக்குள்ள மைனஸ் நேரா ஓடுது. லப்டொப், யூஎஸ்பி, பெட்டியின்ர கிரவுண்ட் எல்லாம் போட் மைனஸோட ஒண்டாயிட்டு, நான் போட்ட ரெசிஸ்டர் ரெண்டும் சும்மா அலங்காரம். சம்மாட்டி என்னைப் பாத்து, "தம்பி, நான் புது றெகுலேற்றருக்குக் கடைக்கு கோல் எடுத்திட்டனே" எண்டார். கடைசியில பாத்தா செத்தது பற்றரி.

இப்ப டிவைடர்தான் போடுறன், ரெண்டு ரெசிஸ்டரைத் தொடராக் கட்டி நடுவில இருந்து வோல்ற்றைப் பிரிச்செடுக்கிறது. 1கே ரெண்டு, பாதியாக்கி எடுத்து சிங்கிள் எண்டட்டில (ஒரு காலை மட்டும் கிரவுண்டோட ஒப்பிட்டு அளக்கிற முறை) குடுத்து, சொஃப்ட்வெயாரில ரெண்டால பெருக்கிறது. 10கே ரெண்டு போட்டுடாதேங்கோ, பெட்டியின்ர உள்தடை 144 கே மட்டும்தான், 6.3 வரவேண்டிய இடத்தில 6.1 சொச்சம் காட்டும். 24 வோல்ற் போட் எண்டா பாதி காணாது, சார்ஜ் ஏறேக்க 28க்கு மேல போகும், 3கேயும் 1கேயும் போட்டு நாலில ஒண்டாக்கவேணும். இன்னொண்டு, அவறேஜ் எடுத்து லொக் பண்ணுறவை கவனம். மேல வெட்டுப்பட்டதும் கீழ சரியா வந்ததும் சேந்து 9.4 எண்டு அழகா நிக்கும், வெட்டுப்பட்டதே தெரியாது. அவறேஜ் எடுக்க முதல், பெட்டி தந்த சாம்பிளை அப்பிடியே கிராஃபில பாருங்கோ.

தம்பி, இவ்வளவு உழைச்ச சாமான், பிழையும் அரைவாசி என்னிலதான். எண்டாலும் எடுக்காத. எடுத்தா ராத்திரி பத்து மணிக்கு "அண்ண, 10இல நிக்குது" எண்டு கோல் எடுப்பாய். என்ரயை இரவல் கேக்கவும் வேணாம், நாளைக்குக் காலமை கொட்பேயில இன்னொரு போட் கிடக்கு.