இடிமழைக்குப் பிறகு எழும்பாத கணினி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன் அறையில் இருக்கும் மேசைக் கணினியை 2013இல் வாங்கினேன். கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாக வெளியிடும் புத்தகம், அடிப்பதுதான் அதில் என் முக்கிய வேலை. அந்தியேட்டி என்ற இறந்தவருக்கான சடங்குக்கு முன் புத்தகம் குடும்பத்தாரின் கையில் இருக்க வேண்டும். இடையில் கணினி படுத்துவிட்டால் யாரிடமும் தவணை கேட்க முடியாது. அதனால் இது எழும்பாமல் நின்ற ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏழு வருடம் ஒரு குறையும் வைக்கவில்லை. 2020 ஐப்பசியில் ஒரு காலை சுவிட்சைப் போட்டேன். விண்டோஸ் அடையாளம் வந்தது, உடனே நீலத்திரை: 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்'. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதேதான். ரவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போட்டுது அண்ணை, புதுசு போட்டு விண்டோஸ் அடிக்க வேணும்" என்றார்கள். ஏழு வருட வேலை அதற்குள் இருந்தது. மனம் ஒப்பவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி அந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினான். எல்லாக் கோப்பும் திறந்தன. அப்போ பிழை டிஸ்க்கில் இல்லை. பிறகு அதை என் கணினியில் திரும்ப மாட்டி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் 'பயாஸ்' என்ற அடிப்படை நிரலுக்குள் போய், டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்லும் சாட்டா அமைப்பை, 'ஐடிஇ' என்ற பழைய முறையிலிருந்து 'ஏஹெச்சிஐ' என்ற புதிய முறைக்கு மாற்றினான். கணினி எழும்பியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் மறுபடியும் நீலத்திரை.

இம்முறை நானே பயாஸைத் திறந்தேன். மூலையில் திகதி 2013 ஜனவரி 1, நேரம் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம். முதல் நாள் இரவு நல்ல இடி. இடி முழங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். போன தடவையும் அப்படித்தான் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

கணினியை நிறுத்திவைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை மதர்போர்டுக்குச் சிறு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பிளக்கை இழுத்தால், நேரத்தையும் அமைப்புகளையும் காப்பாற்றுவது போர்டில் இருக்கும் வட்டப் பற்றரி மட்டும்தான். அது செத்துப்போனால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். என் போர்டில் அது ஐடிஇ. விண்டோஸ் பதிந்திருந்ததோ ஏஹெச்சிஐயில், அதனால் சொந்த டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியவில்லை.

பற்றரியின் பெயர் சிஆர்2032: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. 3 வோல்ட் இருக்க வேண்டியது, மீற்றர் வைத்தால் 2.1 காட்டியது. பிளக்கை இழுத்துவிட்டு, ஓரத்துக் கொளுக்கியை நகத்தால் தள்ளினேன், பற்றரி துள்ளி வெளியே வந்தது. எழுத்துப் பக்கம் மேலே பார்க்கப் புதியதைப் போட்டு, திகதியையும் ஏஹெச்சிஐயையும் வைத்துச் சேமித்தேன். அவ்வளவுதான் வேலை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களிலும் நேரம் பிசகவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை மக்கர் பண்ணியது, 2023 கார்த்திகையில். திரை கறுப்பு, உள்ளே விட்டு விட்டு நீளமான பீப் சத்தம். இங்கத்தைய ஈரக்காற்றில் ராம் எனும் நினைவக அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தன. வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரு பக்கமும் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தினேன். எழும்பிவிட்டது.

உங்கள் கணினியும் நீலத்திரை காட்டினால், விண்டோஸைத் திரும்ப அடிக்க ஒப்புக்கொள்வதற்கு முன் பயாஸில் திகதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் முதலில் பற்றரியை மாற்றுங்கள். நான் பற்றரி மாற்றிய திகதியை ஒரு துண்டு பிளாஸ்ரரில் எழுதி, பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.