பஸ் நிலையத்தடிச் சப்பாத்து தைக்கிற ஐயா

கலியாணத்துக்கு முதல் என்னிடம் 14 சோடி ஸ்னீக்கர் இருந்தது, மழைக்குப் போட மாட்டேன், உப்புவெளி மணலில் போட மாட்டேன் என்று பெட்டியோடு பொத்திப் பொத்தி வைத்ததில் கடைசியில் ஒன்றின் அடி கேக் மாதிரி உதிர்ந்தது. பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகை அடி ஈரப்பதத்தில் தானாகவே சிதையும், திருகோணமலைக் காற்றைக் கேட்கவா வேண்டும்! ஐயா விரலால் ஓர் அழுத்து அழுத்தினார், தூள் கொட்டியது.

"தம்பி, இதைப் போட்டே தேய்ச்சிருக்கலாம்."

பழசைச் சுரண்டி, ரப்பர் அடி ஒட்டி, சுற்றிவரத் தைத்தும் தந்தார். 1,500 ரூபாய், இரண்டு நாள். பசை கொஞ்சம் வெளியே தெரிகிறது, சரி பரவாயில்லை, மகளை நர்சரியில் விட அதுதான் இப்போது என் சப்பாத்து. மற்றதெல்லாம் விற்று அவளுக்குச் சைக்கிள் வாங்கியாச்சு. சனிக்கிழமை பின்னேரம் போகாதீர்கள், சனம் கூட.